கட்டுபடியாகுமா?

பத்தாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி, டீசல் மெக்கானிக் படிப்பில் சேரப்போகிறேன், பிறகு மண்வாரி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போவேன் என்று வீட்டில் சொன்னால், முதலில் வரும் கேள்வி "உன்னால முடியுமா?" என்றுதான் இருக்கும் என நினைப்போம். நான் பார்த்தவரையில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "அது கட்டுபடியாகுமா?" என்பது.

கட்டுபடி என்பது வியாபாரிகளின் சொல். போட்ட முதல் திரும்புமா, மேலே ஏதாவது நிற்குமா என்று கேட்கிற சொல். பி.எஸ்சி. கணிதம் படிக்கப்போகும் பெண்ணிடம் யாரும் இதை இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை. பட்டப்படிப்பு, அதன்மேல் பி.எட்., அதற்கு மேலும் ஏதாவது ஒன்று என்று படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்கள் நம் ஒவ்வொருவருக்கும் நாலைந்து பேரைத் தெரியும். அந்தப் படிப்பு கட்டுபடியானதா என்று எந்த அப்பாவும் நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்ததில்லை. அதற்காக இந்தக் கேள்வியையே தப்பு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. கஷ்டப்பட்ட வீடுகளில் கணக்குப் பார்ப்பது குற்றமல்ல. கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்கிறோமா என்பதுதான் எனக்குள்ள சந்தேகம்.

செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, காலணி எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. ஆண்களுக்கு நாற்பது வயது வரம்பு இருக்கிறது, பெண்களுக்கு உச்ச வயதே இல்லை. ஆக, ரூபாயில் எழுதினால் செலவுப் பக்கம் ஏறக்குறைய காலி. தனியார் பயிற்சிக் கூடங்களுக்குப் போனால்தான் பெரும்பணம்.

அப்படியென்றால் வீட்டில் எதை நினைத்துக் 'கட்டுபடியாகுமா' என்று கேட்கிறார்கள்? ஒரு வருடம் கம்பெனிக்கோ மில்லுக்கோ போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் ஒன்று. அது நியாயமான கவலை. இன்னொன்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையில் கிரீஸ் படிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? எத்தனை பவுன் கூடுதலாகக் கேட்பார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கு அனுப்புவார்களா? அனுப்பமாட்டார்கள் என்றால், பயிற்சிக்குப் பின் அவள் சம்பாதிக்கப் போவது மூன்று நான்கு வருடம்தான். முதலீடு திரும்பும் காலம் அதற்குள் அடங்க வேண்டும். அண்ணனுக்குப் போட்டால் முப்பது வருடக் கணக்கு. அதே ஐ.டி.ஐ., அதே ஸ்பானர், அதே ஒரு வருடம். வகுக்கும் எண் மட்டும் வேறு, அந்த எண்ணை முடிவு செய்பவள் அவள் இல்லை.

இனி அந்தக் 'கனரக' என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் மண் தோண்டும் எந்திரம் எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் பொக்லைன்தான், இல்லாவிட்டால் ஜேசிபிதான். பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பதுகூட மறந்துபோய், தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் அதன் பக்கத்தில் நின்று பாருங்கள். தலையில் சும்மாடு வைத்து, சாந்துச் சட்டியோ செங்கல்லோ சுமந்து ஏணிப் பலகையில் ஏறுகிறவள் சித்தாள். நாள் முழுக்கக் கனத்தைச் சுமப்பவள் அவள்தான். கொத்தனாரின் கூலியில் ஏறத்தாழப் பாதி அவளுக்கு. அந்தப் பக்கம், சீட்டில் உட்கார்ந்து இரண்டு லீவரை விரல்களால் அசைக்கிறவர் செய்வது கனரக வேலை. பெண்ணின் உடம்பு கனமான வேலைக்குத் தாங்காது என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியைத் தினமும் தாண்டித்தான் போகிறார்கள்.

பழுதுபார்க்கும் வேலையிலும் கனத்தைத் தூக்குவது தோள்பட்டை அல்ல. எஞ்சினை இறக்க செயின் பிளாக் இருக்கிறது, கிரேன் இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது. எந்த ஆணும் எக்ஸ்கவேட்டர் எஞ்சினைத் தனியாகத் தூக்கியதில்லை. இறுகிய போல்ட்டுக்கு நீளக் கைப்பிடி போதும். வேலையின் பெரும்பகுதி வேறு வகையானது. இந்த இயந்திரங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில்லை, ஓடிய மணிக்கணக்குதான். 250, 500, 1,000 மணி என்று ஒவ்வொரு கட்டத்திலும் எந்த ஆயில், எந்த ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கும். பின்களுக்கு அன்றாடம் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கழற்றிய ஃபில்டரில் உலோகத் தூள் மின்னினால் உள்ளே ஏதோ தேய்கிறது. ஹைட்ராலிக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். ஊசித்துளை அளவு கசிவைக் கையால் தடவிப் பார்த்தால் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டிவரலாம். அதனால் கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பார்கள். இதில் ஆபத்து நிஜம். எவ்வளவு பலசாலியானாலும் தெரியாதவருக்கு ஆபத்து, தெரிந்தவருக்குக் குறைவு. அதற்குத்தான் பயிற்சி.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது என்பதை மாணவிகள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆம் பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பரிசோதிப்பது, எண்ணெய் இடுவது, சரிசெய்வது பற்றியது. அதாவது சரியாக நாம் பேசிக்கொண்டிருக்கும் வேலை. முதல் உட்பிரிவு, இதைச் செய்ய வேண்டியவர் தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளியாக இருக்க வேண்டும், அவர் உடம்போடு ஒட்டிய ஆடை அணிந்திருக்க வேண்டும், அந்த ஆடையைத் தொழிற்சாலை நடத்துபவரே கொடுக்க வேண்டும் என்றது. இரண்டாம் உட்பிரிவு, பெண்களும் இளம்வயதினரும் இந்த வேலையைச் செய்யவே கூடாது என்றது. ஆபத்து இருவருக்கும் ஒன்றே. ஆணுக்கு அதற்கு மருந்து பயிற்சியும் சட்டையும், பெண்ணுக்கு மருந்து விலக்கு. புடவை முந்தானை பெல்ட்டில் சிக்கும் என்று கவலைப்பட்டவர்கள், அந்தச் சட்டையில் இன்னொன்றை அவளுக்கும் தைத்துக் கொடுக்கலாமே என்று யோசிக்கவில்லை. அவளைச் சிறுவர்களோடு ஒரே வாக்கியத்தில் சேர்த்தும் வைத்தார்கள். சிறுவன் வளர்ந்து அந்த வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுவான்.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்குச் சுரங்கங்களின் கதை போதும். பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்ற தடை, இரண்டாம் உலகப் போரில் கரி தேவைப்பட்டபோது 1943இல் விலக்கப்பட்டது. போர் முடிந்ததும் 1946இல் திரும்ப வந்தது. மூன்று வருடம் அவர்களுடைய உடம்பு தாங்கியது, அப்புறம் தாங்கவில்லை போலிருக்கிறது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். 1944 பிப்ரவரியில் மத்தியச் சட்டமன்றத்தில் இதன்மீது விவாதம் வந்தது. தடையை விலக்கியதை அவர் போர்க்கால அவசரம் என்றுதான் முன்வைத்தார். ஆனால் கூடவே, கீழே இறங்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான கூலி என்பதை முக்கியமாக எடுத்துச் சொன்னார். இறக்குவதா வேண்டாமா என்பதோடு, இறங்கினால் என்ன விலை என்பதையும் சேர்த்துப் பேசியது எனக்கு இன்றும் முன்மாதிரியாகப் படுகிறது.

பிறகு சட்டக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலைக்கான தடையை 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2019இல் சுரங்க விதிகள் தளர்ந்தன. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எல்லா வகை வேலையிலும் பெண்கள் அமர்த்தப்படலாம் என்கிறது. கதவு திறந்திருக்கிறது. வீட்டு நோட்டில் கணக்கு மட்டும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்று யோசித்தால், ஆண்பிள்ளைகள் இந்த வேலையை எப்படிக் கற்றார்கள் என்ற இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் ஐ.டி.ஐ. படியே மிதித்ததில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, ஊர் முனைப் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க நின்றவர்கள். டீ வாங்கி வந்து, திட்டு வாங்கி, ஒரு நாள் வால்வு செட்டிங் கை கூடிவிட, இன்று தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை உழைப்பை நான் கொண்டாடவில்லை. ஆனால் பல வருடப் பயிற்சி அது. கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை, கட்டுபடியாகுமா என்ற கேள்வியும் இல்லை. பெண்பிள்ளை பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்றால் ஊர் கேட்கும். அவளுக்கு இருக்கும் ஒரே வழி காசும் காலமும் கணக்கில் ஏறுகிற முறையான பயிற்சிதான். அவனுக்கு ஓசியில் கிடைத்ததை அவள் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, பிறகு விலை அதிகம் என்கிறார்கள்.

கட்டட வேலையிலும் இதே கதைதான். சித்தாளாகச் சேர்ந்த பையன் சில வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். சித்தாளாகச் சேர்ந்த பெண் பேரன் எடுத்த பிறகும் சித்தாள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. சம வேலைக்கே அவளை விடாதபோது அந்தச் சட்டம் எதை எதோடு ஒப்பிடும்?

பெண்களுக்குப் பயிற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதிய ஒரு கட்டுரை இதில் என் கண்ணைத் திறந்தது. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் இளம்பெண்களின் 'நயமான விரல்களை' விரும்பி எடுக்கின்றன. அந்த விரல்கள் பிறப்பில் வந்தவை அல்ல, வீட்டில் தையலிலும் மற்ற வேலைகளிலும் வருடக்கணக்காகப் பழகியவை. அந்தப் பழக்கத்துக்கு யாரும் கட்டணம் கட்டவில்லை, ஆகவே அது பயிற்சியாக யார் கண்ணிலும் படவில்லை. படாததால் அது திறனில்லாத வேலை, கூலியும் அதற்கேற்பத்தான் என்று அவர்கள் காட்டினார்கள். திருப்பூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. செலவு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது திறன், தெரியாவிட்டால் அது பெண்ணின் இயல்பு. மகளிர் தொழிற்பயிற்சி நிலையங்கள் பலவற்றில் இன்னும் தையலும் கணினித் தட்டச்சும் முன்னால் நிற்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். ஏற்கெனவே மலிவாகக் கிடைப்பதையே அவளுக்கு மறுபடியும் கற்றுக்கொடுக்கிறோம்.

இங்கே தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குழந்தை பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, இயந்திரப் பராமரிப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். முதல் இரண்டுக்கும் சம்பளம் கிடையாது, மூன்றாவதற்கு உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் இயல்பிலேயே பராமரிப்பவர்கள், ஆகவே இயந்திரத்தையும் பதமாகக் கையாளுவார்கள் என்று வாதாடும் ஆசை நம்மில் சிலருக்கு வரும். நிறுவனங்களே அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டன. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விரல் நயத்துக்கு நேர்ந்த கதி பொறுமைக்கும் நேரும். இயல்பு என்று புகழ்ந்துவிட்டால் சம்பளம் குறைந்துவிடும்.

சரி, இவ்வளவையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு அவள் பக்கம் சாய்கிறது. போய்ச் சேர் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் எனக்குத் தயக்கம் வருகிறது.

நாற்பது ஆண்கள் இருக்கும் பணிமனையில் அவள் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கழிப்பறைக்கு அடுத்த கட்டடத்துக்குப் போக வேண்டும். கல்குவாரியில் இரவு பத்து மணிக்கு வண்டி நின்றுபோனால் யாருடைய பைக்கில் போவாள், யார் பைக்கில் திரும்புவாள்? வண்டிக்காரர், "பொண்ணு கையில குடுத்தா ஆவுமாண்ணே?" என்று அவள் காதுபடவே கேட்பார். அவள் செய்யும் ஒரு தவறு எல்லாப் பெண்களின் தவறாகப் பேசப்படும், ஆணின் தவறு அவனோடு போகும். இவற்றையெல்லாம் அவள் தாங்கி நின்றால் பத்து வருடம் கழித்து அங்கே பத்துப் பெண்கள் வருவார்கள், அவர்களுக்குக் கழிப்பறையும் இருக்கும். செலவு அவளுடையது, வரவு அவர்களுடையது. பெண்குலத்தின் கணக்கு கட்டுபடியாகும், அவள் ஒருத்தியின் கணக்கு கட்டுபடியாகாமலே போகலாம். இந்த லட்சணத்தில் அவளைப் போ என்று உற்சாகப்படுத்தும் நமக்கு ஒரு செலவும் இல்லை. நமக்கு ஒரு முன்னுதாரணம் கிடைக்கிறது, மகளிர் தினத்துக்கு ஹெல்மெட்டோடு ஒரு புகைப்படம் கிடைக்கிறது. நம் கொடியை வேறொருத்தியின் கையில் கொடுத்து வெயிலில் நிற்கவைப்பது அறமா?

வேண்டாம், போகாதே என்று சொல்வது இதற்குப் பதிலாகாது. அது 22ஆம் பிரிவை நாமே நம் வாயால் திரும்பச் சொல்வது. உரிமைக்காக யாராவது ஒருத்தி தியாகம் செய்யத்தான் வேண்டும் என்பதும் பதிலில்லை. நம் வீடுகளில் பெண்களிடம் தியாகம் கேட்டது போதும், இயக்கமும் கேட்க வேண்டாம். செலவை மறைத்துவைத்துவிட்டு ஊக்கம் மட்டும் கொடுப்பதுதான் எனக்கு மிக மோசமாகப் படுகிறது. அப்படிச் செய்யும்போது நாமும் அவளைச் சிறுவர்களோடு ஒரே வாக்கியத்தில் சேர்க்கிறோம்.

முதல் ஆளாக இருப்பதன் செலவை இடம் மாற்ற முடியும். ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புத்தாதுச் சுரங்கத்தில் டாடா ஸ்டீல் நிறுவனம் பெண்களை ஒருத்தி, இருவர் என்றில்லாமல் குழுவாக எடுத்து, கனரக இயந்திரங்களை இயக்கப் பயிற்சி கொடுத்தது. அந்தப் பயிற்சிச் செலவு பெண்ணின் வீட்டு நோட்டில் ஏறவில்லை. குழுவாக இருந்தால் ஒருத்தியின் பிழை ஒருத்தியுடையதாகவே நிற்கும். ஆனால் அங்கே வெளியே அதிகம் தெரிவது இயந்திரத்தை ஓட்டும் பெண்கள்தான். ஓட்டுவது படம் பிடிக்க வசதியானது. வண்டிக்கு அடியில் படுத்து சீல் மாற்றுவது அப்படியில்லை. ஓட்டுபவரிடம் வண்டி ஒப்படைக்கப்படுகிறது. வண்டி ஓடலாமா கூடாதா என்று சொல்லும் அதிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெண்கள் வருவதுதான் எனக்கு முக்கியம். இன்னொன்றும் உறுத்துகிறது. ஆற்று மணலையும் மலையையும் அள்ளித் தின்னும் எந்திரத்தைப் பெண் சரிபார்த்துக் கொடுத்தால் ஆறு பிழைத்துவிடுமா? பிழைக்காது. ஆனால் அந்தக் கேள்வியை நாற்பது ஆண்களிடம் கேட்காமல் அவளிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

கருவியையும் மாற்றலாம். நம் ஊர் அடிபம்பு, இந்தியா மார்க் இரண்டு, அதில் உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தால்கூட முக்காலி நட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். வண்டியோடு ஒரு ஆள்படை வரும்வரை ஊர் தண்ணீரில்லாமல் காத்திருக்கும். 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்த கள ஆய்விலிருந்து மார்க் மூன்று உருவானது. குழாயை அகலமாக்கினார்கள். வாஷர் இருக்கும் பாகத்தைக் குழாயை இழுக்காமலே மேலே எடுக்க முடிந்தது. உடல்பலம் வேண்டிய வேலை என்று இருந்தது ஒரு குழாயின் விட்டத்தை மாற்றியதும் அப்படி இல்லாமல் போனது. எல்லா இயந்திரத்துக்கும் இது நடக்கும் என்று சொல்லவில்லை. கனம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு வடிவமைப்பாளரின் முடிவு என்று கேட்கலாம்.

உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் 1990ஐ ஒட்டி, மகிளா சமாக்யா திட்டத்தில் தலித், கோல் ஆதிவாசிப் பெண்கள் அடிபம்பு பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றார்கள். எழுத்து அறியாதவர்கள். எந்தப் பம்பில் எந்தப் பாகத்தை மாற்றினோம் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டியிருந்தபோது, எங்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவர்களே கேட்டார்கள். அதிலிருந்து பெண்களே எழுதிய 'மகிளா டாகியா' என்ற செய்தித்தாள் வந்தது, அது நின்றபின் 2002இல் 'கபர் லஹரியா' வந்தது. பம்பு மெக்கானிக் பயிற்சி கட்டுபடியாகுமா என்று அன்றைக்கு யாராவது கணக்குப் போட்டிருந்தால் இவை எதுவும் வரவுப் பக்கத்தில் இருந்திருக்காது.

இன்னொரு வரவையும் நாம் எழுதுவதில்லை. "சின்ன வயசிலேர்ந்தே அவனுக்கு வண்டின்னா உயிர்" என்று பையனைப் பற்றிச் சொன்னால் அது காரணமாக ஏற்கப்படுகிறது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் ஆசை ஒரு பெண்ணுக்கும் இருக்கலாம். அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதை விளையாட்டுப் புத்தி என்று தள்ளாமல், ஒரு காரணமாகக் கணக்கில் எழுதலாம்.

"அக்கா, சேரட்டுமா?" என்று கேட்கும் பெண்ணுக்கு நான் சேர், சேராதே என்று சொல்வதில்லை. முடிந்தால் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு போ என்கிறேன். சேருவதற்கு முன்னால் அந்தப் பணிமனையை ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். கழிப்பறை எங்கே, அதற்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் வண்டி நின்றால் போய்வர ஏற்பாடு யாருடையது என்று கேட்க வேண்டும். உள்புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பயிற்சி முடித்த பெண்களை உதிரிபாக ஸ்டோரிலும் பில் போடும் கணினியிலும் உட்காரவைப்பது அடிக்கடி நடப்பது. அதனால், முதல் ஆறு மாதம் என் கையில் ஸ்பானர் இருக்குமா, கம்ப்யூட்டர் மவுஸ் இருக்குமா என்று நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிட வேண்டும். கடைசியாகப் பாதுகாப்பு பூட்ஸ். பெரும்பாலும் ஆண்கள் அளவில்தான் வாங்கி வைத்திருப்பார்கள். உன் அளவு நாலு என்றால் நாலாம் நம்பர் பூட்ஸ் வந்த பிறகு வேலைக்குச் சேருகிறேன் என்று சொல், பெரிய பூட்ஸுக்குள் துணி அடைத்துக்கொண்டு போகாதே என்கிறேன்.